முந்நூற்று எண்பது ஆமாம்

தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மருத்துவம், சமூகம், மொழி, பொருளாதாரம் நாலையும் சேர்த்து ஆராய ஒரு துறை ஆரம்பித்தார்கள். நாலுக்கும் சேர்த்து அறை மட்டும் ஒன்றுதான் கிடைத்தது. அந்த அறையில் பேராசிரியை மெகருன்னிசா இருந்தார். அவருக்கு வயது முப்பத்தெட்டு. அவரிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த எஸ்தர் கனகத்துக்கு ஐம்பத்து நாலு. வேறு ஊர் அரசு மருத்துவமனையில் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு படிக்க வந்தவர்.

மாணவி ஆசிரியையை மேடம் என்பார். ஆசிரியை மாணவியை சிஸ்டர் என்பார். யார் பெரியவர் என்று தெரியாமல் பியூன் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வணக்கம் வைப்பார்.

எஸ்தர் எடுத்துக்கொண்ட ஆய்வு சர்க்கரை நோயாளிகளைப் பற்றியது. பல்கலைக்கழகம் இருந்த ஊரின் அரசு மருத்துவமனையில், மாத்திரை வாங்க வரும் நானூறு பேரிடம் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்பியிருந்தார். ஒரு படிவத்தில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று மத்தியானம் இரண்டரை மணிக்குப் படிவக் கட்டை மேஜைமேல் வைத்தார்.

"மாத்திரையைத் தவறாம எடுத்துக்கிறீங்களான்னு கேட்டேன் மேடம். நானூறு பேர்ல முந்நூத்தி எண்பது பேர் ஆமான்னு சொல்லிட்டாங்க."

"நல்லது. சர்க்கரை?"

"அதுதான் கேட்க வந்தேன். முக்காவாசிப் பேருக்கு இறங்கல. மாத்திரை சாப்பிடுறவங்களுக்குச் சர்க்கரை ஏன் மேடம் இறங்கல?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"மருந்து பத்தல. அளவைக் கூட்டணும்னு முடிவுரையில எழுதப்போறேன். ஆஸ்பத்திரியிலயும் என் அறிக்கைக்குத்தான் காத்திருக்காங்க. எழுதிக் கொடுத்தா அடுத்த மாசமே கூட்டிருவாங்க."

மெகருன்னிசா படிவங்களைப் புரட்டினார். எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே நீல மை. பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"சிஸ்டர், சாப்டீங்களா?"

"ஆச்சு மேடம்."

"என்ன சாப்பாடு?"

"இட்லிதான். காலையில செஞ்சது."

மெகருன்னிசா எழுந்து வந்தார். எஸ்தரின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த ஒயர்கூடையைத் தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தது. உள்ளேயிருந்து டிபன் பாக்ஸை எடுத்து மேஜைமேல் வைத்துத் திறந்தார். நாலு இட்லி, மிளகாய்ப்பொடி தடவி, வைத்தது வைத்தபடி இருந்தன. மூடியின் உள்பக்கம் சின்னதாக ஒரு காகித மடிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் வெள்ளையாக ஒரு மாத்திரை. அதை அவர் மறுபடி மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார். மாத்திரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

எஸ்தருக்கு முகம் சுருங்கிப்போனது. ஊசிக்குப் பயந்து ஓடிய எத்தனையோ பேரைப் பிடித்து உட்காரவைத்தவர். இப்போது அவரே கையும் களவுமாகப் பிடிபட்டு உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடாம சாப்டாச்சுன்னு ஏன் சொன்னீங்க?"

"அதுல என்ன மேடம் இருக்கு. நீங்க கேட்டீங்க, சொன்னேன்."

"இல்லன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்கன்னுவீங்க. அப்புறம் நாலு மணிக்கு மீட்டிங்னு கிளம்பிருவீங்க. உங்களைப் பார்க்கிறதுக்கே பத்து நாள் காத்துக் கிடந்தேன்."

"அப்ப இல்லன்னு சொன்னா உங்களுக்கு ஒண்ணு கைவிட்டுப் போயிரும்."

"ஆமா."

மெகருன்னிசா நானூறு படிவங்களையும் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

"இவங்களுக்கு என்ன கைவிட்டுப் போயிருக்கும்?"

எஸ்தருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அவருக்கு மூக்கு நுனி சிவக்கும்.

"மேடம், நான் முப்பத்தோரு வருஷம் நோயாளிங்க நடுவுல இருந்தவ. யார் பொய் சொல்றா, யார் உண்மை சொல்றான்னு நாடியைப் பிடிச்சாலே தெரியும். போதாததுக்குக் காலி அட்டையும் எண்ணியிருக்கேன். மாத்திரை அட்டை எல்லாம் காலியாத்தான் கொண்டு வர்றாங்க. ஆய்வேட்டைக் கொடுக்க மூணு மாசம்தான் இருக்கு. இதுக்கு மேல நீட்டிப்பும் கிடையாது."

"தெரியும். நாளைக்குக் காலையில மாத்திரை வாங்குற வரிசையில போய் நில்லுங்க. ஒரு கேள்வியும் கேட்க வேண்டாம். முதல்ல இதைச் சாப்பிடுங்க."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். எஸ்தர் கோபத்தோடேயே நாலு இட்லியையும் சாப்பிட்டார். காகித மடிப்பைப் பிரிக்கவில்லை.

மறுநாள் போகக் கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் மேடம் சொன்னது தப்பு என்று நிரூபிக்கவாவது போக வேண்டுமே. படிவம் நிரப்பப் போகும்போது போடுகிற வெள்ளைக்கோட்டை வீட்டிலேயே மாட்டிவிட்டு, சாதாரண பருத்திப் புடவையில் கிளம்பினார். தன்னுடைய சர்க்கரை நோட்டையும் மாத்திரை அட்டையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டார். அவருக்கும் ஐந்து வருஷமாகச் சர்க்கரை உண்டு.

எட்டு மணிக்கே வரிசை வேப்பமரம் வரைக்கும் வந்துவிட்டது. எல்லார் கையிலும் நோட்டு, மஞ்சப்பை. எஸ்தர் கடைசியில் போய் நின்றார். ஒருவருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. ஆறு மாசமாக அவர்கள் பார்த்ததெல்லாம் கோட்டைத்தான்.

முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். பீடி சுற்றுகிற கை. விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை.

"இந்த ஆஸ்பத்திரிக்குப் புதுசாக்கா?"

"ஆமா."

"பழைய அட்டையக் கொண்டாந்திருக்கியளா? காலி அட்டையக் காட்டினாத்தான் புதுசு தருவாவ."

"அட்டை இருக்கு. ஆனா மாத்திரை மிச்சமிருக்கு."

அந்தப் பெண் சிரித்தாள். "வெவரம் தெரியாத ஆளா இருக்கியளே. மாத்திரையப் பிதுக்கி எடுத்துட்டு வெறும் அட்டையக் கொண்டு வரணும். எங்க வீட்டு ஊறுகா பாட்டில் ரெண்டு நிறைஞ்சு கெடக்கு."

எஸ்தர் எண்ணி எண்ணிக் குறித்துவைத்த காலி அட்டைகள் எல்லாம் கண்முன்னால் வரிசையாக வந்து போயின.

"இன்னொண்ணு கேட்டுக்கிடுங்க. அந்தா, ஜன்னலுக்குப் பக்கத்துல ஒரு நாக்காலி கெடக்குல்லா? அதுல வெள்ளக்கோட்டு போட்டு ஒரு அம்மா இருக்கும். என்னமும் கேட்கும். எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிருங்க. இல்லன்னு சொன்னா அது ஏதோ எழுதிக்கிடும். பொறவு ஜன்னல்ல மாத்திரை தரமாட்டாவ."

"அப்படி யாருக்காவது தராம இருந்திருக்காங்களா?"

"யாரு இல்லன்னு சொல்லிப் பார்த்தா?"

எஸ்தர் அந்த நாற்காலியைப் பார்த்தார். காற்றும் வெளிச்சமும் நன்றாக வருகிற இடம் என்று அவரே தேர்ந்தெடுத்துப் போட்ட நாற்காலி. வரிசையின் கடைசியிலிருந்து பார்த்தால் அது மாத்திரை ஜன்னலின் வாசலில் கிடந்தது. அதைத் தாண்டாமல் ஜன்னலுக்குப் போக முடியாது. இந்த இடத்திலிருந்து அவர் அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

எஸ்தரும் அவள் சொன்னபடி அட்டையைப் பிதுக்கிக் காலியாக்கிக் காட்டினார். மாத்திரை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு வந்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் மாடத்தி. பஸ் வர அரைமணி நேரம் ஆகும் என்றாள்.

"ஒழுங்கா மாத்திரை போடுதியளாக்கா?" என்று மாடத்தி கேட்டாள்.

"போடுதேன்" என்றார் எஸ்தர். யோசிப்பதற்கு முன்னாலேயே வந்து விழுந்த பதில்.

"நானும் அப்படித்தான்" என்றாள் மாடத்தி. பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்க்கத் தொடங்கினாள்.

எஸ்தர் மஞ்சப்பையைக் கையில் முறுக்கிக்கொண்டார். அவர் வாயிலிருந்து அடுத்து வந்ததை முப்பத்தோரு வருஷத்தில் அவரைத் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள்.

"மத்தியான மாத்திரையப் போட மாட்டேன் மாடத்தி. ஒருநாள் போட்டுட்டுச் சாப்பிட நேரமில்லாம ஓடினேன். கை நடுங்கி, கண்ணைக் கட்டிட்டு வந்துட்டு. அதுலயிருந்து பயம். நர்ஸாவே இருந்தவ நான். வெளிய சொல்ல வெக்கம்."

மாடத்தி ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"எனக்கும் அதேதாங்க்கா. காலையில மாத்திரையப் போடுன்னுதான் சொல்லுதாவ. பீடி சுத்தி முடிச்சுக் கடையில கொடுத்துட்டு வந்து கஞ்சி குடிக்க பதினோரு மணி ஆயிருது. வெறும் வயித்துல போட்டா கிறுகிறுன்னு வருது. யாருகிட்ட சொல்ல? எங்க மதினிக்கு இப்படித்தான், சர்க்கரை இறங்கலன்னு டாக்டர் ரெண்டை நாலாக்கினாரு. அவ அந்த ரெண்டையுமே போடுதவ இல்ல. ஒரு கல்யாணத்துக்குப் போனோம். இன்னைக்கு இனிப்பு சாப்பிடுவோமேன்னு காலையில நாலையும் மொத்தமாப் போட்டிருக்கா. தாலி கட்டுததுக்குள்ள விழுந்துட்டா. ரெண்டு நாள் பேச்சு மூச்சில்ல."

"இப்ப?"

"இருக்கா. ஆனா மாத்திரைன்னாலே ஓடுதா."

பஸ் வந்தது. மாடத்தி ஏறிக்கொண்டாள். எஸ்தர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்று சொன்ன முந்நூற்று எண்பது பேருக்கும் அடுத்த மாசம் மாத்திரையின் அளவைக் கூட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார். அந்த முடிவுரையின் முதல் பக்கம் அவர் கையெழுத்தில் ஏற்கெனவே தயாராக இருந்தது. வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அதைக் கிழித்துப் போட்டார்.

திங்கள்கிழமை பல்கலைக்கழகத்தில் நுழையும்போதே எஸ்தரின் நடை மாறியிருந்தது. பியூனின் வணக்கத்துக்குக்கூட நிற்கவில்லை.

"மேடம், நானூறும் போச்சு."

"உட்காருங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போய் அறிக்கை வராது, அளவைக் கூட்டாதீங்கன்னு சொல்லிட்டேன். பெரிய டாக்டருக்குக் கோபம். இருக்கட்டும். மறுபடி கேட்கப் போறேன். கோட்டு கிடையாது, நாற்காலி கிடையாது. மாத்திரை வாங்கிட்டுப் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துல, அவங்க பக்கத்துல உட்கார்ந்து கேட்பேன். வாரத்துக்கு மூணு நாள் சர்க்கரைக்கு மாத்திரை தர்றாங்க. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு வாரத்துல முடிச்சிருவேன். ராத்திரியில எழுதிருவேன்."

"பன்னிரண்டு வாரம் தொடர்ந்து மழை இல்லாம இருக்கணுமே."

"குடை இருக்கு."

மெகருன்னிசா முதல்முறையாகச் சிரித்தார்.

"பழைய கட்டை என்ன செய்யட்டும் மேடம்? எரிச்சிரவா?"

"பத்திரமா வைங்க. வெள்ளைக்கோட்டைப் பார்த்தா ஜனங்க என்ன சொல்வாங்கன்னு இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிவெச்சதில்ல."

எஸ்தரும் சிரித்திருக்கலாம். அவர் மனசில் இன்னொன்று உறுத்திக்கொண்டிருந்தது.

"ஒரு சந்தேகம் மேடம். அப்ப ஆமான்னு சொன்னவங்க இப்ப இல்லன்னு சொல்லப்போறாங்க. ஆய்வேட்டைப் பரிசோதிக்கிற குழுவுல கேட்பாங்க, இரண்டாவது தடவை சொன்னது மட்டும் உண்மைன்னு எப்படித் தெரியும்னு. நான் என்ன பதில் சொல்ல?"

மெகருன்னிசா பழைய படிவங்களை ஓரமாக நகர்த்தினார். இழுப்பறையைத் திறந்து புதிதாக ஒரு படிவத்தை எடுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"பெயர்?"

எஸ்தருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"எஸ்தர் கனகம்."

"வயசு?"

"ஐம்பத்து நாலு."

"தொழில்?"

எஸ்தர் தயங்கினார். இந்தத் தாள் ஆய்வேட்டோடு சேரும். அச்சாகும். கூட வேலை பார்த்தவர்கள் படிப்பார்கள். அவரால் மிரட்டப்பட்டு மாத்திரை விழுங்கிய யாராவது ஒருவரின் பேத்திகூட ஒருநாள் படிக்கலாம்.

"நர்ஸ்" என்றார்.

"எத்தனை வருஷம்?"

"முப்பத்தொண்ணு."

"மாத்திரையைத் தவறாம எடுத்துக்கிறீங்களா?"

வெளியே யாரோ மாடிப்படியில் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. மெகருன்னிசா தலை நிமிரவில்லை. பேனா கட்டத்துக்கு மேலே காத்திருந்தது.

எஸ்தர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இல்ல மேடம்."

மெகருன்னிசா அதை எழுதினார். ஏன் என்று கேட்டு அதையும் எழுதினார். கை நடுங்கியது, கண் கட்டியது, பயம், வெட்கம் எல்லாவற்றையும் எஸ்தர் சொன்ன சொல்லிலேயே எழுதிவிட்டுத் தாளை அவர் பக்கம் திருப்பினார்.

எஸ்தர் ஒருமுறை வாசித்தார். கையெழுத்துப் போட்டார். தாளின் மேல்மூலையில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"வரிசை எண் என்ன மேடம் போட? நானூத்தி ஒண்ணா?"

"ஒண்ணு" என்றார் மெகருன்னிசா.