ஊறுகாய்ப் பாட்டிலில் ஒட்டிய முகம்

ஆற்றங்கரை மடத்துக்கு ஞானம் கேட்டு வருகிறவர்கள் குறைவு. மோர் குடிக்க வருகிறவர்களும், நிழலில் சற்றுக் கண்ணயர வருகிறவர்களும்தான் அதிகம். மடத்தம்மா இரண்டு சாராரையும் ஒரே மாதிரி "வாங்க" என்றுதான் சொல்வாள். பெரிய வயசு என்றும் சொல்ல முடியாது, இன்னும் நாற்பதைத் தொடவில்லை. காவி கிடையாது, கொட்டை மாலை கிடையாது. புதிதாக வருகிறவர்கள் அவளிடமே வந்து, "மடத்தம்மா எங்க இருக்காவ?" என்று கேட்பதுண்டு.

அவளுக்குச் சிஷ்யை என்று சொல்லிக்கொள்ள ஒரே ஆள் சண்முகவடிவு. சிஷ்யைக்குக் குருவைவிடப் பத்து வயசு கூட. அதனால் குரு சிஷ்யையை "அக்கா" என்பாள், சிஷ்யை குருவை "அம்மா" என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் அது வித்தியாசமாகப் பட்டதே இல்லை.

வடிவு ஊறுகாய் போட்டு விற்றுப் பிழைக்கிறவள். எலுமிச்சை, நார்த்தை, சீசனில் மாவடு. ருசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பழைய சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொண்டவன் குழம்பு எங்கே என்று கேட்க மாட்டான். ஆனால் அது அவள் போட்டது என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

தெரியாமல் பார்த்துக்கொண்டவளும் அவள்தான். அவளுடைய இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை வெண்புள்ளி படர்ந்திருந்தது. உதட்டோரத்திலும் கொஞ்சம். அது தொட்டால் ஒட்டுகிற நோயில்லை, வலியில்லை, உயிரை ஒன்றும் செய்வதில்லை. இருந்தும், கல்யாணமான மறுவருஷம் அது தலைகாட்டியதுமே புருஷன் வீட்டார் அவளைப் பிறந்த ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் அவள் கையால் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்த ஒரே ஆள் மடத்தம்மாதான். அன்றைக்கு அந்தத் தம்ளரைப் பார்த்துக்கொண்டே அழுதவள், அப்படியே சிஷ்யை ஆகிவிட்டாள்.

கதவைச் சாத்திக்கொண்டுதான் ஊறுகாய் போடுவாள். பாட்டில்களைக் கூடையில் அடுக்கி, கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் போவாள்.

"எங்க சொந்தக்காரி ஒருத்தி போடுதா அண்ணாச்சி. நான் கொண்டாந்து குடுக்குறதோட சரி."

பொய்தான். அந்தப் பொய் இல்லாவிட்டால் சோறு இல்லை.

ஒருநாள் அண்ணாச்சி கூடையைத் திருப்பித் தள்ளினார். "இனிமே மொட்டப் பாட்டில் எடுக்க மாட்டேன் தாயி. கம்பெனிச் சரக்கெல்லாம் படமும் பேருமா பளபளன்னு தொங்குது. இது யாரு போட்டது, எங்க போட்டதுன்னு கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல? லேபிள் ஒட்டிக் கொண்டா. இல்லேன்னா வேற கட பாத்துக்கோ."

வடிவு நேராக மடத்துக்கு வந்தாள். மடத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டியளே?"

"கோவிச்சாலும் கேக்கத்தான போறிய. கேளுங்க."

"உங்க படத்த லேபிள்ல போட்டுக்கிடட்டுமா?"

"ஊறுகா போடுறது நீங்க. படம் எதுக்கு என்னோடது?"

"உங்க மொகத்தப் பாத்தா நம்பி வாங்குவாவ."

"உங்க மொகத்தப் பாத்தா?"

வடிவின் கைகள் தாமாக முந்தானைக்குள் போயின.

மடத்தம்மா ஆய்ந்த கீரையைச் சட்டியில் அள்ளிப் போட்டாள். பிறகு, "போட்டுக்கிடுங்க. ஆனா படம் இருக்குற இடத்துல விலாசமும் இருக்கணும். மடத்து விலாசம்" என்றாள்.

"அவ்வளவுதானாம்மா?"

"அவ்வளவுதான்."

அச்சாபீஸ்காரர் நல்ல ரசிகர். மடத்தம்மா லேசாகச் சிரிக்கிற படத்தை வட்டத்துக்குள் போட்டு, மேலே 'மடத்தம்மா ஊறுகாய்' என்றும், கீழே 'கைப்பக்குவத்துக்குப் பேர்போனது' என்றும் சேர்த்து, மஞ்சளில் அடித்துக் கொடுத்தார். அண்ணாச்சி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே அடுக்கினார். பஸ் ஸ்டாண்டு கடைகளிலிருந்து ஆள் விட்டுக் கேட்டார்கள். ஊறுகாய் வாங்கினால் புண்ணியமும் சேர்த்துக் கிடைக்கும் என்று ஜனங்கள் நினைத்தார்களோ என்னவோ, வடிவுக்கு ஜாடி போதவில்லை. சந்தோஷத்தில் சாத்திய கதவுக்குள்ளேயே பாட்டு முணுமுணுத்தாள்.

விலாசம் இருந்ததால் மடத்துக்கும் ஆள் வர ஆரம்பித்தது. ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். மடத்தம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"என்ன பக்குவம் அம்மா! எங்க ஆத்தா செத்ததுக்கு அப்புறம் இப்படி ஒரு நார்த்தங்கா நான் தின்னதில்ல. இந்தக் கை நல்லா இருக்கணும்."

வடிவு, காலியான மோர்ப்பானையைக் கழுவ எடுத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். தன் ஆயுளில் அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. அதை வேறு கைகளைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சொன்னபோது, அவளுக்குப் பொறாமையாக இருந்தது. குருமேலேயே பொறாமையா என்று வெட்கமாகவும் இருந்தது.

அவர்கள் போனதும் கேட்டாள். "அவுக அப்படிச் சொன்னப்போ நீங்க ஒண்ணுமே சொல்லலியேம்மா?"

"என்ன சொல்லணும்க்கா?"

வடிவு மோர்ப்பானையைக் கழுவப் போய்விட்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கடைகளிலோ சரக்கு கேட்டு நச்சரிப்பு. உப்பில் ஊறிய எலுமிச்சை நன்றாக வெயில் குடிக்க வேண்டும், அப்புறம்தான் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும். வடிவுக்குத் தெரியாததில்லை. ஆனால் இல்லையென்று சொன்னால் கடைக்காரன் வேறு சரக்குக்குப் போய்விடுவானே என்ற பயத்தில், அரைகுறையாகக் காய்ந்ததையே பாட்டிலில் அடைத்துவிட்டாள்.

அதன் பலன் ஒரு மத்தியானம் மடத்து வாசலில் வந்து நின்றது. இசக்கியம்மாள் என்ற பெண்பிள்ளை, கையில் பாட்டிலோடு.

"யாரு இங்க மடத்தம்மா?"

"நான்தான். வாங்க."

"படத்துல சிரிக்க மட்டும் தெரியுதுல்லா? இதப் பாருங்க." பாட்டிலுக்குள் எலுமிச்சைத் துண்டுகளின் மேல் பூஞ்சணம் பூத்திருந்தது. "எம் மக மாசமா இருக்கா. குடிச்ச தண்ணியும் வயித்துல தங்கல. உங்க ஊறுகாயத் தொட்டுக்கிட்டுத்தான் ரெண்டு வாய் கஞ்சி எறங்குச்சு. நேத்து புதுப் பாட்டில் வாங்குனா இப்படிக் கெடக்கு. பாக்காம அவ தின்னிருந்தா?"

மடத்தம்மா கைகூப்பினாள். "தப்புத்தான்."

"தப்புத்தான்னு சொன்னா ஆச்சா? எதனால கெட்டுது? வேற பாட்டில் வாங்குனா அதுவும் இப்படித்தான் இருக்குமா?"

"எனக்குத் தெரியாதும்மா."

"போட்டவுகளுக்கே தெரியாதா! அப்ப எதுக்கு மொகத்த அடிச்சு ஒட்டி வச்சிருக்கிய? சாமியாருன்னு சொல்லிக்கிட்டு ஊர ஏமாத்துதிய!"

மோர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் தம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மடத்தம்மா கூப்பிய கையை எடுக்கவில்லை. தூணுக்குப் பின்னால் வடிவு நின்றாள். மடத்தம்மா அந்தப் பக்கம் மறந்தும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வடிவு கொல்லைப்புறமாக ஓடியிருப்பாள்.

வெளியே போனால் எல்லாம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அண்ணாச்சி கடை, பஸ் ஸ்டாண்டு கடைகள், வயிற்றுப்பாடு. பேசாமல் நின்றால், அந்தப் பெண்பிள்ளை கத்தி ஓய்ந்து போய்விடுவாள். ஆனால், தன் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தவளை ஒருத்தி ஏமாற்றுக்காரி என்கிறாள்.

"வெயில் பத்தல" என்றாள், தூணுக்குப் பின்னாலிருந்தே.

பிறகு வெளியே வந்து பாட்டிலைக் கையில் வாங்கினாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். "மழையில சரியாக் காயல. கடைக்குக் குடுக்கணுமேன்னு அவசரப்பட்டுட்டேன். தப்பு என்னோடது. அம்மாவத் திட்டாதிய."

இசக்கியம்மாள் அந்தக் கைகளைப் பார்த்தாள். "நீயா போடுத?"

"ஆமா."

"இந்தக் கையாலயா?"

"ஆமா."

இசக்கியம்மாளுக்குத் திட்டவும் வரவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. வீட்டில் மகள் பட்டினி கிடக்கிறாள். "நல்லாக் காஞ்சது இருக்கா?" என்றாள் கடைசியில்.

மடத்து அடுக்களையில் கோடையில் போட்டது ஒரு பாட்டில் இருந்தது. வடிவு எடுத்து வந்து நீட்டினாள். இசக்கியம்மாள் முந்தானையால் அதை வாங்கி, அதே முந்தானையால் சுற்றிலும் துடைத்தாள்.

"எம் மககிட்ட இதச் சொல்ல மாட்டேன்" என்றாள், ஏதோ பெரிய உபகாரம் செய்கிறவள் மாதிரி. அவள் அதை நல்ல மனசோடுதான் சொன்னாள். அதனால்தான் வடிவுக்குக் கூடுதலாக வலித்தது.

ஆனால் மோர் குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் வாய் இருந்தது. மறுநாளே அண்ணாச்சி பாட்டில்களைக் கூடையோடு திருப்பி அனுப்பினார். மற்ற கடைகளும் அப்படியே. வடிவு கூடையை மடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க அன்னைக்கே மாட்டேன்னு சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா வேற மொகத்தத் தேடிப் போயிருப்பிய."

"போயிருப்பேன்."

"என் மொகம்னா, அதுக்குப் பின்னால நிக்கிறது நீங்கன்னு எனக்காவது தெரியும்."

வடிவு வாய்விட்டு அழுதாள். மடத்தம்மா அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கூடையிலிருந்து ஒரு பாட்டிலைத் திறந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"உப்பு கூட."

"இருக்காதே!" வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு தானும் தொட்டு வைத்துப் பார்த்தாள். "ஆமா. கூடத்தான். ஏம்மா, இத்தன நாளா யாருமே சொல்லலியே?"

"யாருகிட்டச் சொல்லுவாவ?"

அதற்கப்புறம் அடித்த லேபிளில் படம் இல்லை. 'சண்முகவடிவு ஊறுகாய்' என்ற பெயரும், அவள் வீட்டு விலாசமும் மட்டும். வீட்டுக் கதவைத் திறந்து வைத்தே போட்டாள். அண்ணாச்சி பழக்கத்துக்காகச் சில பாட்டில்களை எடுத்துப் பின்வரிசையில் வைத்தார். மற்றவர்கள் எடுக்கவில்லை. கைகளை வேடிக்கை பார்க்கவென்றே வந்து, ஒன்றும் வாங்காமல் போனவர்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வாங்கினவர்கள் வாசலுக்கு வந்து பேசினார்கள். ஒருவர் காரம் தூக்கல் என்றார். ஒருத்தி, தனி ஆளுக்கு ஏன் இவ்வளவு பெரிய பாட்டில் என்றாள். வடிவு காரத்தைக் குறைத்தாள், சின்ன பாட்டில் வாங்கினாள். மழை நாளில் யார் கேட்டாலும், "வெயில் வரட்டும், வாங்க" என்றாள். அப்படிச் சொல்லியும் அவர்கள் திரும்பி வந்தது அவளுக்கே ஆச்சரியம். வியாபாரம் பழைய அளவுக்கு வரவில்லை. சாப்பாட்டுக்கு வந்தது.

தை மாசம் இசக்கியம்மாள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இந்தத் தடவை கையில் பாட்டில் இல்லை, குங்குமச்சிமிழ் இருந்தது.

"மககிட்டச் சொல்லிட்டேன்" என்றாள். "எத்தன நாளுதான் மறைக்க."

வடிவு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"'அந்த மாசமெல்லாம் என்னயச் சோறு தின்ன வச்சது அந்தக் கைதான, வளைகாப்புக்கு அவுகதான் வந்து வளையல் போட்டுவிடணும்'னு அவ ஒத்தக் கால்ல நிக்கா. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் மனசு முழுசா ஒப்பல. ஆனா அவ கேக்க மாட்டேங்கா. வெள்ளிக்கிழம வந்துரு."

சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, தன் விரலாலேயே வடிவின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள்.

கழுத்தில் தாலி இருந்தும் வடிவை அதுவரை யாரும் ஒரு நல்ல காரியத்துக்கு அழைத்ததில்லை. போட்டது போட்டபடி கிடக்க, மடத்துக்கு ஓடினாள். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள்.

"நல்லதுக்கா. போய்ட்டு வாங்க."

"அங்க நெறையப் பொம்பளைக இருப்பாவ அம்மா. மாப்பிள்ள வீட்டுக்காரவுகளும் இருப்பாவ."

"இருப்பாவ."

"என் கையத்தான் பாப்பாவ."

"பாப்பாவ."

வடிவு புடவைத் தலைப்பைத் திருகினாள். "நீங்களும் கூட வாங்கம்மா. நீங்க முன்னால போங்க, நான் உங்க பின்னாலயே வந்துருதேன்."

மடத்தம்மா அவளைப் பிரியமாகப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னயக் கூப்பிடலியேக்கா" என்றாள்.