ராஜா சுமந்த கூடாரம்

மருதவூர் ராஜா வீரபூபதி கருமேகமலைச் சாமிக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டார். அந்த மலைக்கு இரண்டு கட்டுப்பாடுகள். நேர்ந்துகொண்டவர் தன் மூட்டையைத் தானே சுமக்க வேண்டும். வழியெல்லாம் சாமி காடு, அதில் ஒரு சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது. ஐப்பசி மழை வேறு. இரவில் தங்க இலேசான கூடாரம் வேண்டுமே!

கூடார அதிகாரி கோதண்டராயருக்குச் சபை விகடன் சாத்தப்பனைக் கண்டாலே ஆகாது. இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"பிரபு, நானும் ஒன்று கொண்டு வருகிறேன், இவனும் கொண்டு வரட்டும். எவருடையது கனமோ அவர் சபையை விட்டே போய்விட வேண்டும்."

ராஜாவும் தலையாட்டிவிட்டார். சபையை விட்டால் சாத்தப்பனுக்குப் பிழைப்பு ஏது? உழவு தெரியாது, வியாபாரம் தெரியாது. வாய் ஒன்றுதான் அவனுக்கு முதல்.

மறுநாள் அரண்மனை முற்றத்தில் சபை கூடியது. ராயர் பட்டுக் கூடாரத்தை மடித்துத் தாம்பாளத்தில் ஏந்தி வந்தார். சாத்தப்பன் கொண்டுவந்ததோ இடையர் போர்த்தும் கறுப்புக் கம்பளி! தராசில் கம்பளித் தட்டு சட்டென்று தாழ்ந்தது. சபையே சிரித்தது.

"மூட்டையைக் கட்டப்பா!" என்றார் ராயர்.

"கட்டுகிறேன் ஐயா. போகுமுன் உங்கள் கூடாரத்தை நிமிர்த்திக் காட்டுங்கள். கண்குளிரப் பார்த்துவிட்டுப் போகிறேன்."

ராயர் கைதட்டினார். மூங்கில் கழிகள், முளைகள், சுத்தியல், கயிறு எல்லாம் ஆட்களோடு ஓடி வந்தன.

"இதெல்லாம் தராசில் ஏறவில்லையே?" என்றான் சாத்தப்பன்.

"கழியை எவனாவது சுமப்பானா? அங்கேயே வெட்டி..." ராயர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பாவம், கூடாரம் நிமிர்ந்த பிறகு உள்ளே போய்த்தான் அவருக்குப் பழக்கம்.

ராஜா எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிப் பார்த்தார். நாலடி வைப்பதற்குள் முட்டி மடங்கியது. திரும்பிய வேகத்தில் ஒரு கழி ராயரின் தலைப்பாகையைத் தட்டிவிட்டது.

சாத்தப்பன் ராஜாவின் கைத்தடியை வாங்கி மண்ணில் ஊன்றினான். அதன்மேல் கம்பளியைப் போர்த்தி, ஓரங்களில் கல் வைத்தான். ராஜாவை உள்ளே உட்காரவைத்து ஒரு குடம் தண்ணீரை மேலே கொட்டினான். ராஜா நனையவில்லை.

ராயர் விடவில்லை. "பிரபு, இது ராஜாவுக்கு அடுக்குமா? இன்னொருவர் நுழைய இடமில்லையே!"

"அதுதானே இதில் விசேஷம்!" என்றான் சாத்தப்பன். "கோள் சொல்ல ஒருவரும் உள்ளே வர முடியாது. மகாராஜா அங்கே நிம்மதியாகத் தூங்கலாம். இங்கே நானும் தூங்குவேன்."

கம்பளிக்குள் சிரிப்பு வெடித்தது. தடி சாய்ந்து, கம்பளி ராஜாவின் தலைமேலேயே விழுந்தது. உள்ளேயிருந்தே உத்தரவு வந்தது:

"ராயரே, உம் பந்தயப்படி நீர் போகலாம். போகிற வழியில் அந்தப் பட்டுக் கூடாரத்தைச் சாத்தப்பன் வீட்டில் இறக்கிவிடும், அது அவனுக்குப் பரிசு. நீரே சுமந்து போம். கழியோடு!"