கொழுந்தைத் தொடாதவள்

“அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் வரத்தான் வேண்டுமா?” என்று கேட்டாள் யோகேஸ்வரி.

“வேண்டாம்” என்றார் மியோஜுன்.

வேனின் பின்கதவைத் திறந்து கூடைகளை அடுக்கத் தொடங்கினார்.

யோகேஸ்வரி ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். இப்போது ஜப்பானில், ஷிசுவோகா மாகாணத்தின் மலையடியில் ஒரு சிற்றூர். முதியோர் இல்லத்தில் வேலை. வேலைக்குப் போகும் முன் ஊர்க்கோடியிலுள்ள பௌத்தக் கோயிலில் தியானத்துக்கு உட்காருவாள். அங்கே சொல்லிக்கொடுக்கும் துறவி மியோஜுன் அவளைவிட வயதில் நன்றாக இளையவர். ஆனாலும் எல்லோரையும் போல அவளும் அவரை ‘சென்செய்’ என்றே அழைப்பாள். ஆசிரியரை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்.

வசந்தத்தில் கோயிலுக்கு வேண்டிய தேயிலையை எல்லோருமாகப் போய்ப் பறித்து வருவது வழக்கம். போன வருடங்களில் யோகேஸ்வரி ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருந்தாள்.

‘வேண்டாம்’ என்று அவர் சட்டென்று சொன்னது உறுத்தியது. வேனில் ஏறிக்கொண்டாள்.

தோட்டம் சரிவில் இருந்தது. சீவி விட்டது போல வரிசை வரிசையாகச் செடிகள். நடுவே உயரமான கம்பங்களில், பனியை விரட்டும் விசிறிகள்.

நகரத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஒரு பெண் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு, கணவனிடம் போட்டோ எடுக்கச் சொன்னாள். தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

யோகேஸ்வரி பாதையோரம் உட்கார்ந்துவிட்டாள்.

மியோஜுன் வந்து பக்கத்தில் நின்றார்.

“என் கை கொழுந்தில் படக்கூடாது, சென்செய். சின்ன வயதில் தொட்டதற்கு அம்மா என்னை அடித்திருக்கிறாள்.”

“ஏன்?”

“அந்த வாழ்க்கை எனக்கு வரக்கூடாது என்று. அவள் முதுகு வளைந்ததே இந்தக் கூடையால்தான். இவர்கள் அதைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள்.”

“அம்மா அப்படிச் சொன்னாரா?”

“சொல்ல வேண்டுமா? எனக்குத் தெரியாதா?”

“அப்படியா” என்றார் மியோஜுன். செடிகளுக்குள் போய்விட்டார்.

அந்த ‘அப்படியா’ அவளுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் வாயாலேயே கேட்டு இவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கைப்பேசியை எடுத்து வீடியோவில் அழைத்தாள்.

திரையில் அம்மா செவனம்மாவின் நெற்றி தெரிந்தது. பிறகு முகம்.

“அடியே, பின்னால என்ன மலை அது? கொழுந்து இப்படிப் பொங்கி நிக்குது! ஆய ஆளில்லையா?”

“ஆளிருக்கும்மா. பொழுதுபோக்குக்கு வந்து ஆயிறாங்க. சிரிச்சுச் சிரிச்சு.”

“பொழுதுபோக்குக்கா?” செவனம்மாவும் சிரித்தாள். “நல்லாத்தானே இருக்கு. மழை இல்ல. அட்டைக்கடி இல்ல. கத்துறதுக்குக் கங்காணி இல்ல.”

“உனக்குக் கோபமே வரலையாம்மா? உன் முதுகு...”

“வலிச்சுச்சு. இப்பவும் வலிக்குது. என் முதுகுதானே? நீ எதுக்குடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

யோகேஸ்வரி கைப்பேசியை முகத்தருகே கொண்டுவந்தாள்.

“அப்ப ஏம்மா என்னைக் கொழுந்தத் தொட விடல? கையிலயே அடிச்சியே.”

“அதுவா? நான் அந்தாண்ட திரும்புறதுக்குள்ள என் கூடையில முத்தல் இலையாப் பிடுங்கிப் போட்டுட்ட. அத்தன பேருக்கு முன்னால கங்காணி என்னக் கிழிகிழின்னு கிழிச்சான். பெறகு உன்ன எப்படி விடுவேன்?”

“நான் படிக்கணும்னு இல்லையா?”

“படிக்க வச்சது உங்கப்பா. நான் என் கூடையப் பாத்துக்கிட்டேன்.” யாரோ வாசலில் கூப்பிடும் சத்தம் கேட்டது. “இரு, பால்காரன் வந்துட்டான். சாப்பிட்டியா? சரி, போன வச்சிரு.”

திரை அணைந்தது.

யோகேஸ்வரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அடியை நினைத்துத்தான் அவள் பரீட்சைக்கெல்லாம் விழித்துப் படித்தாள். அதை நினைத்துத்தான் விமானம் ஏறினாள்.

மியோஜுன் திரும்பி வந்தார். “என்ன சொன்னார்?”

அவள் ஒன்று விடாமல் சொன்னாள். கங்காணி திட்டியதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

மியோஜுன் சிரிக்கவில்லை. தன் கூடையைச் சாய்த்து உள்ளே பார்த்தார்.

“இதில் முத்தல் இலை எது?”

யோகேஸ்வரி எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“தெரியவில்லை, சென்செய்.”

“எனக்கும்” என்றார் மியோஜுன்.

செடி வரிசைக்குள் போய், பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்க இடம் விட்டு நின்றார்.