ஊர்க்கிணற்றில் இறங்கிய சூசையம்மாள்

கடற்கரை ஊரான சிலுவைத்துறையில் மீன் குடல் அள்ளிப் பிழைத்தவர் சூசையம்மாள். விடியுமுன் கோவில் வாசலில் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிவிட்டுத்தான் கூடையைத் தூக்குவார். வாசலோடு சரி. உள்ளே போனால் பக்கத்தில் இருப்பவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்துவார்கள். "ஆண்டவருக்கும் மூக்கு உண்டு. அவரு ஒண்ணும் சொல்லலையே" என்று சிரித்துக்கொள்வார்.

மீன் ஏலக்கூடத்தில் அள்ளிய கழிவை அவர் ஊருக்கு வெளியே குழி தோண்டிப் புதைக்க வேண்டும். ஓர் ஐப்பசி நாளில், காய்ச்சலால் அவ்வளவு தூரம் நடக்க முடியாமல், ஊர்க்கிணற்றை ஒட்டிய மேட்டிலேயே கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்து படுத்துவிட்டார். அன்று பெய்த மழை அத்தனையையும் கிணற்றுக்குள் இழுத்துக்கொண்டு போனது.

நான்காம் நாள் தண்ணீரில் புழு நெளிந்தது. அதற்குள் ஊரே அதைக் குடித்திருந்தது. வீட்டுக்கு வீடு வாந்தி, பேதி. ரெஜினா என்ற பெண்ணின் ஐந்து வயது மகள் இறந்துபோனாள். உப்பளத்து வேலைக்குப் புதிதாக வந்த மிக்கேல்தான் செத்த நாயைக் கிணற்றில் போட்டார் என்று யாரோ சொல்ல, ஊரார் அவர் குடிசையைப் பிய்த்தெறிந்து குடும்பத்தோடு விரட்டினார்கள்.

காய்ச்சல் தணிந்து எழுந்த சூசையம்மாள் கிணற்றை எட்டிப் பார்த்தார். மிதந்தது என்னவென்று புரிந்தது. குடல் நாற்றம் ஒருநாளும் அவருக்குக் குமட்டியதில்லை. அன்று தன்னை நினைத்துக் குமட்டியது.

ஞாயிறு பூசையில் நடுக்கோவிலில் வந்து நின்றார்.

"சாமி, மிக்கேல் ஒண்ணும் போடல. நாந்தான் மேட்டுல கொட்டுனேன். என் ஒருத்தி பாவத்த ஊரே குடிச்சிருக்கு. அந்தப் பிள்ள போனதும் என்னாலதான்."

ஒருவர் அவர் முகத்தில் துப்பினார். அதைத் துடைக்காமலே உப்பளம்வரை நடந்து, அங்கே ஒண்டியிருந்த மிக்கேலின் காலில் விழுந்து அதையே சொன்னார். கிணற்றைத் தானே இறங்கி அள்ளப்போவதாகவும் சொன்னார்.

"எம்பிள்ளைங்க மூணு நாளா மழையில கெடக்குதுங்க" என்றார் மிக்கேல். பிறகு, "கயிறு யாரு பிடிப்பா ஒங்களுக்கு?" என்று கேட்டார்.

அவரே வந்து பிடித்தார்.

தண்ணீரை இறைத்து வெளியேற்றியபின், கீழே இடுப்பளவு கரிய சேறு. புழுக்கள் கழுத்துவரை ஊர்ந்தன. சூசையம்மாள் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்று மறுபடியும் அள்ளினார். மேலே நின்றவர்கள் காறித் துப்பினார்கள். ஆனால் வாளியில் வந்தவை குடல் மட்டுமல்ல. கோழி இறகு, கந்தல், எந்தெந்த வீட்டிலிருந்தோ வீசிய பல வருட அழுகல். காறியவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

அள்ளத் தொடங்கிய எட்டாம் நாள் அடிப்பாறையைச் சுரண்டியபோது, தூர்ந்துகிடந்த ஊற்றுக்கண் திறந்தது. குளிர்ந்த நீர் பாதத்தில் பட்டதும் சூசையம்மாள் வாய்விட்டு அழுதார். இறைத்து இறைத்துத் தெளிந்தபின், முதல் குடத்தோடு மேலே வந்தார். ஒருவரும் கிட்டே வரவில்லை.

ரெஜினா வந்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இரு கைகளையும் குவித்து நீட்டி, "ஊத்துங்க" என்றார்.

அந்த நீர் கோடையிலும் வற்றவில்லை. ஆண்டவர் தம் அடியாளுக்குக் கொடுத்த பதில் அது என்று ஊர் நம்பியது. தன் பாவத்தைப் பிறர் தலையில் விடாமல் தானே இறங்கி அள்ளிய அந்த எளியவரின் பெயர் வாழட்டும்.