மலை கழுவின கிராம்பு

செங்கரட்டுச் சீமையில ஒரு மலை கெட்டுப்போன கதை இது. மலை எப்படிக் கெடும்னு கேக்காதீங்க. ராஜா சொன்னா கெடும்.

ராஜா திருமலைக்கொழுந்துக்குக் கொஞ்ச வருஷமாவே தூரத்துல இருக்கிற எதுவும் சரியில்ல. கோபுரம் குழைஞ்சுபோச்சுன்னாரு. கொடிக்கம்பத்துக்கு ரோமம் மொளைச்சிருச்சுன்னாரு. ஒருநாள் தளவாய்னு நெனச்சு தூணைப் பிடிச்சுத் திட்டோ திட்டுன்னு திட்டினாரு. தூணும் அடக்கமா கேட்டுக்கிச்சு.

கோளாறு எங்கேன்னு அரண்மனைப் பூனைக்குக்கூடத் தெரியும். ஆனா ராஜா உடம்புல குறை சொல்றவனை எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுடணும்னு சட்டம். அதனால எல்லாரும் ஆமா மகாராஜா, ரோமம்தான் மகாராஜான்னு தலையாட்டிட்டு இருந்தாங்க.

அன்னைக்கு ராஜா மேல்மாடத்துல நின்னு எதுத்தாப்புல இருக்கிற கரட்டுமலையைப் பாத்தாரு. பாறை தெரியல, மரம் தெரியல. நேத்து கிண்டின களி மாதிரி கெடக்கு, எவன் பண்ணின வேலைன்னு குதிச்சாரு.

தளவாய் கொம்பையா உடனே முன்னால வந்தாரு. எல்லாம் அழுக்குதான், ஆயிரம் ஆளை ஏத்திச் சீயக்காய் போட்டுத் தேய்க்கிறேன்னாரு. ஆயிரம் பேருக்கும் களஞ்சியத்துல இருந்து நெல்லு வேணும்னாரு. அதோட விட்டாரா?

"வெளிச்சத்தைப் பத்திப் பாடம் நடத்துறேன்னு ஒருத்தர் அரண்மனைச் சோறு தின்னுட்டு இருக்காரே. அவரையும் ஒரு வார்த்தை கேக்கலாமே."

அவர் சொன்னது இருளப்பரை. ராஜா வச்ச கண் வைத்தியப் பாடசாலையில வெளிச்சம் சொல்லித் தர்றவரு. பேர் இருளப்பன், பாடம் வெளிச்சம். இதை வச்சு ஊர் பண்ணாத கேலி இல்ல, அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பாரு. ஆனா கொம்பையாவுக்கு அந்தப் பாடசாலைக் கட்டடம் மேல ஒரு கண்ணு. நல்ல காத்தோட்டம். குதிரை கட்டத் தோதா இருக்கும்.

ராஜா இருளப்பரைக் கூப்பிட்டு, நாளைக் காலையில மலை பழையபடி தெரியணும், இல்லேன்னா பாடசாலை லாயம்னு சொல்லிட்டாரு. சொல்லிட்டு கையில ஒரு வெத்தலைச் சுருளையும் வச்சாரு. அந்த ஊர்ல ராஜா கையால தாம்பூலம் வாங்கினா வேலையை ஏத்துக்கிட்டதா அர்த்தம். இருளப்பர் அதை மெல்லவும் முடியல, துப்பவும் முடியல. அப்படியே பாடசாலைக்கு எடுத்துட்டு வந்தாரு.

மாணவங்க முகமெல்லாம் தொங்கிப்போச்சு. "வாயைத் தொறந்தா எல்லை, தொறக்கலேன்னா லாயம். என்னய்யா பண்றது?"

இருளப்பர் யோசனையில சுருள்ல குத்தியிருந்த கிராம்பை உருவி வாயில போட்டாரு. இலை விரிஞ்சுது. கிராம்பு இருந்த இடத்துல பொடிசா ஒரு ஓட்டை. அதை எதேச்சையா கண்ணுக்கு நேரா தூக்கினவரு, மெல்றதை நிறுத்திட்டாரு.

"ஏப்பா, போன வாரம் என்ன படிச்சோம்? மலையில இருக்கிற ஒவ்வொரு புள்ளியில இருந்தும் வெளிச்சம் பனையோலை விசிறி மாதிரி விரிஞ்சு வருது. நல்ல கண்ணு அதைத் திரும்ப ஒரு புள்ளியா கூட்டிடும். கூட்ட முடியாத கண்ணு?"

அது வட்டமா வழிஞ்சிடும், வட்டம் மேல வட்டம் விழுந்தா களிதான்னாங்க பிள்ளைங்க.

"விசிறி மொத்தத்தையும் மறிச்சுட்டு, ஒத்தை ஈர்க்கை மட்டும் உள்ள விட்டா?"

கூட்டுறதுக்கே வேலை இல்ல. வட்டம் சுருங்கிடும், களி மலையாயிடும். பிள்ளைங்க துள்ளிட்டாங்க. ஆனா இருளப்பருக்கு அதுக்கு மேல ஒரு கவலை. ராஜா கண்ணுல இலையை வைக்கணும், ஆனா கண்ணுங்கிற பேச்சே வரக்கூடாது.

மறுநாள் காலையில மேல்மாடத்துல சபையே கூடியிருக்கு. மலை அதே களி. தளவாய் மீசையை நீவிட்டே, ஆயிரம் பேர் விடியறதுக்கு முன்னாடியே ஏறித் தேய்ச்சுட்டு இருக்காங்கன்னாரு.

"ஓய் இருளப்பரே, உம்ம வேலை என்னாச்சு?"ன்னாரு ராஜா.

"முடிச்சிட்டேன் மகாராஜா. மலை பெருசு, நான் ஒத்தை ஆளு. அதனால கிராம்பு அளவுக்குத்தான் கழுவ முடிஞ்சுது. இந்த வெத்தலை ஓட்டை வழியா பாத்தா கழுவின இடம் மட்டும் தெரியும்."

ராஜா ஒரு கண்ணை மூடிட்டு இலையை இன்னொரு கண்ணுல வச்சாரு. பாறை. வெடிப்பு. வெடிப்புல ஒரு கள்ளிச்செடி. இலையை எடுத்தாரு, களி. வச்சாரு, கள்ளி. எடுத்தாரு, களி. அப்புறம் இலையை முன்னும் பின்னும் திருப்பிப் பாத்தாரு.

"இருளப்பரே. கோளாறு இலைக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?"

"எனக்கு இந்த ஊர் ரொம்பப் பிடிக்கும் மகாராஜா. அதை இலைகிட்டயே கேட்டுக்கோங்க."

ராஜா மூச்சு விட்டதுல மீசை ஒரு தடவை ஆடுச்சு. கோபமா, சிரிப்பான்னு யாருக்கும் புரியல. மறுபடி இலையைத் தூக்கி மலையை மேலயும் கீழயும் பாத்தாரு.

"தளவாய், எத்தனை பேரை ஏத்தினீரு?"

"ஆயிரம் மகாராஜா."

"ரெண்டு ஆடுதான் மேயுது."

தளவாய் மீசையை விட்டுட்டாரு. "மலைதான் கலங்கிக் கெடக்கே. அதான் ஆளுங்க தெரியல."

இருளப்பர் மெதுவா, "ஆட்டை மட்டும் யாரு கழுவிவிட்டாங்க?"ன்னாரு.

ராஜா சிரிச்ச சிரிப்புல மாடப்புறா எல்லாம் பறந்துபோச்சு. களஞ்சியத்து நெல்லு திரும்பி வரணும், சீயக்காயோட தளவாயே மலை ஏறணும்னு உத்தரவாச்சு. அப்புறம் இருளப்பரைப் பாத்து, என்ன வேணும் கேளும்னாரு.

"மகாராஜா ஒருதரம் பாடசாலைக்கு வரணும். நல்ல கண்ணு எப்படி இருக்கும்னு பிள்ளைங்க பக்கத்துல நின்னு சோதிச்சுப் பாத்ததே இல்ல."

ராஜா அவரை மேலயும் கீழயும் பாத்தாரு. இலை இல்லாமலேயே புரிஞ்சுக்கிட்டாரு.

"வர்றேன் ஓய். அதுவரைக்கும் இன்னும் ரெண்டு வெத்தலை குத்திக் கொடும். கொம்பையா தேய்க்கிறானா, உக்காந்திருக்கானான்னு நான் பாக்க வேணாமா?"