மாரப்பன் மூட்டட்டும்

எந்த ராஜா ஆண்டார் என்றுகூட இன்று யாருக்கும் நினைவில்லாத காலத்தில், வானம் பார்த்த பூமியாய்க் கிடந்த ஓர் ஊரில், செங்கோடன் என்று ஒரு கெட்டிக்காரன் இருந்தான். கெட்டிக்காரன் என்று சொன்னது அவன்தான், ஊர் சொல்லவில்லை.

மழை விழுந்து பயிர் முளைக்கும் நேரம் பார்த்து, அந்த ஊரில் மண்ணுக்குள்ளிருந்து அந்துப்பூச்சிகள் கிளம்பும். அவை முட்டையிட்டால் கம்பளிப்புழு வரும். புழு வந்தால் பயிர் மிஞ்சாது. அதனால் அந்தி சாய்ந்ததும் அவரவர் விதைத்த காட்டில் தீ மூட்ட வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. வெளிச்சத்துக்கு வரும் பூச்சி தீயில் விழுந்து சாகும்.

அந்த வருஷம் செங்கோடன், வீட்டில் இருந்த தட்டைப்பயறு முழுவதையும் விதைத்துவிட்டான். வேறு தானியம் கிடையாது. இரண்டு இலை விட்டு நின்ற பயிரை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய்ப் பார்த்தான். ‘தீ மூட்டினால் பூச்சி நம் காட்டுக்கல்லவா வரும்? பக்கத்துக் காட்டு மாரப்பன் மூட்டட்டும், எல்லாம் அங்கே போகட்டும்’ என்று நினைத்தான்.

முதல் நாள் அந்தியில் நாலைந்து பூச்சி பறந்தது.

“ஏனுங்க, தீ மூட்டலீங்களா?” என்றாள் அவன் மனைவி நாச்சாயி.

“இரு புள்ள. மாரப்பன் மூட்டட்டும்.”

இரண்டாம் நாள், கையை வீசினால் பூச்சி கையில் பட்டது. செங்கோடன் வரப்பில் ஏறிப் பார்த்தான். மாரப்பன் காடு இருட்டாகவே கிடந்தது.

மூன்றாம் நாள் பூச்சி மழையாய்ப் பறந்தது. நாச்சாயி அழுதேவிட்டாள். அவனும் பதறிப்போய்க் கொள்ளிக்கட்டையோடு காட்டுக்கு ஓடினான். ஓடியவன் சுற்றிலும் பார்த்தான். ஊர் முழுக்க ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. இப்போது நாம் மட்டும் மூட்டினால் ஊர்ப் பூச்சியெல்லாம் நம் தலையில் அல்லவா விழும் என்று நடுங்கி, கொள்ளியை மண்ணில் போட்டு மிதித்து அணைத்தான்.

அப்புறம் என்ன? புழு வந்தது. இலையைத் தின்றது, குருத்தைத் தின்றது, தண்டையும் தின்றது.

கோபம் தலைக்கேறி மாரப்பன் காட்டுக்கு ஓடினான் செங்கோடன். அங்கேயும் ஓர் இலை மிச்சமில்லை. நடுக்காட்டில் மாரப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

“ஏப்பா, நீ எதுக்குத் தீ மூட்டல?”

மாரப்பன் நிமிர்ந்து பார்த்தான். “நீ மூட்டுவீன்னுதானப்பா மூணு நாளும் வரப்பு மேல நின்னு பாத்துட்டிருந்தேன்.”

செங்கோடனும் அவன் பக்கத்திலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அந்த வருஷம் செங்கோடன் பிள்ளைகளும் மாரப்பன் பிள்ளைகளும் ஒன்றாகவே காட்டுக்கிழங்கு தோண்டப் போனார்கள்.

எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டியதை அடுத்தவன் செய்யட்டும் என்று விட்டவன், அடுத்தவனோடு சேர்ந்தே கெடுவான்.