வட்டத்துக்குள் முளைத்தவை

டாக்டர் தணிகாசலத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக வாய்த்த ரெஹானாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தலை நரைத்த பிறகு முனைவர் பட்டத்துக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான், தன்னைவிடச் சின்னவர் முன்னால் போய் நிற்க வேண்டிவரும். தணிகாசலம் நின்றார். முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது.

ஆய்வேடு தயார். ரெஹானாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதற்காக அவர் தன் மருத்துவமனையை விட்டுவிட்டுத் திருநெல்வேலியின் அந்தக் கோடியிலிருந்த கிருமி ஆய்வுக்கூடத்துக்கு நடையாய் நடந்து ஓய்ந்துவிட்டார்.

"எல்லா அத்தியாயமும் படிச்சீங்கள்லா மேடம்?"

"படிச்சேன் டாக்டர்."

"பின்ன என்ன?"

"உங்க முடிவு புரியலை."

தணிகாசலம் பெருமூச்சு விட்டார். குழந்தைக்குக்கூடப் புரிகிற விஷயம் அது. சிறுநீர்த் தொற்று சிலருக்கு மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வருகிறது. அவர்களுடைய கிருமியை எடுத்துச் சோதித்தால் அதே மருந்துக்கு நன்றாகவே சாகிறது. அப்படியானால் நோயாளி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இதை எழுதத்தான் அவர் இத்தனை வருஷம் பாடுபட்டிருந்தார்.

"சங்கரவடிவுன்னு ஒரு அம்மா, பஸ் ஸ்டாண்டுல பழக்கடை," என்றார். "மறுபடியும் அதே நோவோட வந்து நிக்காங்க. மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டியான்னு கேட்டேன். ஒரு பை நிறைய காலி அட்டையைக் கொண்டாந்து என் மேசையில கொட்டுதாங்க. 'எண்ணிப் பாருங்கய்யா, ஒண்ணு குறைஞ்சா என் பேரை மாத்திக்கிடுதேன்'ங்காங்க."

"எண்ணினீங்களா?"

"எதுக்கு எண்ணணும்? அட்டையைக் காலி பண்ண வாய் எதுக்கு, குப்பைத்தொட்டி போதுமேன்னேன்."

ரெஹானா ஆய்வேட்டை மூடி மேசையில் வைத்தார்.

"இப்பல்லாம் மாத்திரையைக் கையில குடுக்கதில்லை மேடம். தினம் காலையில வந்து நர்ஸ் முன்னாடி முழுங்கணும். முழுங்கிட்டு வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டணும். கடையைப் பூட்டிட்டு வருதாங்க. வரட்டும். கிருமி திரும்பி வந்தா ரெண்டே காரணந்தான். ஒண்ணு, மருந்து வேலை செய்யலை. இல்லைன்னா, மருந்து உள்ளயே போகலை. மூணாவது ஒண்ணு இருக்கா? இருந்தா சொல்லுங்க, ஆய்வேட்டைத் தூக்கி எறிஞ்சிடுதேன்."

"அந்தம்மாவோட கிருமியை எடுத்து வச்சிருக்கீங்களா?"

"உங்க ஃப்ரிட்ஜுலதான் இருக்கு."

"ஒரு தட்டுல பூசுங்க. நடுவுல மருந்து வில்லையை வைங்க. உங்க கையாலேயே வைங்க."

கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை, வேலைதான் வந்தது. முணுமுணுத்துக்கொண்டே தணிகாசலம் கண்ணாடித் தட்டை எடுத்தார். அதில் உறைந்திருந்த கூழின் மேல் கிருமியைப் பூசினார். இடுக்கியை விளக்குச் சுடரில் காட்டி, மருந்தில் தோய்த்த காகித வில்லையை எடுத்து நட்டநடுவில் வைத்தார். கல்லூரிப் பையன்கள் முதல் வருஷம் செய்கிற பரிசோதனை இது.

மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி வெள்ளையாய்ப் படர்ந்திருந்தது. வில்லையைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் பளிச்சென்று காலியாகக் கிடந்தது. மருந்து ஊறிய இடத்தில் ஒன்றுகூட இல்லை.

"பாத்தீங்களா? இதைத்தான் மேடம் முதல்லயிருந்து சொல்லுதேன். மருந்து கேக்குது."

"சரி. இப்ப அந்த மருந்து வில்லையை எடுத்திருங்க. அதே இடத்துல சர்க்கரைத் தண்ணியில தோய்ச்ச வில்லையை வைங்க."

"கிருமிக்கு விருந்தா?"

"வைங்க டாக்டர்."

செத்துப்போனவனுக்கு இலை போட்ட மாதிரி இருந்தது தணிகாசலத்துக்கு. வைத்தார். இந்தக் கூத்துக்கெல்லாம் அங்கே எத்தனை நோயாளிகள் காத்திருக்கிறார்களோ என்று பொருமிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலி வட்டத்துக்குள் புள்ளிகள் முளைத்திருந்தன. சிந்திய ரவை போல ஒரு பத்துப் பதினைந்து இருக்கும்.

"வெளிக் கிருமி விழுந்திருக்கு," என்று சொல்லி, தட்டைத் தூக்கிக் கழிவு வாளியில் போட்டார். "உங்க ஆளுங்க இடுக்கியைச் சரியாச் சுடலை."

"இடுக்கி உங்க கையிலதானே இருந்துச்சு?"

தணிகாசலத்துக்குக் காது சிவந்தது. இன்னொரு தட்டு போட்டார். இந்த முறை இடுக்கி பழுக்கிறவரை சுட்டார், மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார். முதலில் வட்டம் காலியாக வந்தது. சர்க்கரை வைத்ததும் மறுபடியும் புள்ளிகள் வந்தன. எரிச்சலில் அவருக்குத் தட்டையே சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

"சரி, மருந்துக்கு மசியாத கிருமியா மாறிப்போச்சு," என்றார். "அப்ப மருந்து வேலை செய்யலைன்னு எழுதிருதேன். அந்த ரெண்டுக்குள்ளதான் வருது. மூணாவது காரணம் ஒண்ணும் இல்லை."

"மாறிப்போச்சான்னு அதுகிட்டயே கேட்டுருவோம். அந்தப் புள்ளியில ஒண்ணை எடுத்துப் புதுத் தட்டுல பூசுங்க. அதே மருந்தை வைங்க."

பூசினார். வைத்தார். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வந்து தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அதே வட்டம். பழைய வட்டத்துக்கு அளவெடுத்த மாதிரி, அதே அகலத்தில், பளிச்சென்று காலியாக இருந்தது.

ரெஹானா வரும்வரை அவர் அந்தத் தட்டைக் கீழே வைக்கவில்லை.

"மாறலை மேடம்," என்றார். குரலில் பழைய வேகம் இல்லை. "மருந்துக்குச் சாகிற கிருமிதான். ஆனா மருந்துக்குள்ளயே கிடந்தும் சில சாகலை. அத்தனை நேரமும் அதுக என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?"

"ஒண்ணுமே செய்யலை. திங்கலை, வளரலை, தூங்கிச்சு. இந்த மருந்து வளர்றதைத்தான் கொல்லும் டாக்டர். ஓய்ஞ்சு கிடக்கிறதை அதால ஒண்ணும் செய்ய முடியாது. நீங்க மருந்தை எடுத்துட்டுச் சர்க்கரை வச்சீங்க. எந்திரிச்சிருச்சு."

தணிகாசலம் ஸ்டூலில் உட்கார்ந்தார். எதிரே மேசையில் ஆய்வேடு இருந்தது. நல்ல கனமான புத்தகம். அதை அவர் தொடவில்லை.

"இது ஆய்வுக்கூடம் மேடம்," என்றார். கடைசியாக ஒரு பிடி கிடைத்த மாதிரி அவசரமாகப் பேசினார். "உடம்பு வேற, தட்டு வேற. இதை வச்சு நான் எப்படி அந்தம்மாவை நம்ப? நாளைக்குக் காலையில கடையைப் பூட்டிட்டு வருவாங்க. வந்து நாக்கைத் தூக்குவாங்க. நான் வேற என்னதான் கேக்க?"

ரெஹானா வட்டத்துக்குள் புள்ளி முளைத்திருந்த முந்தைய தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"அவங்ககிட்ட அப்புறம் கேளுங்க டாக்டர். முதல்ல நீங்களே மருந்து வச்ச இந்தத் தட்டுகிட்ட கேளுங்க, மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டியான்னு."